சமநீதிப் பணிக்குப் புதியவரா? ஓர் அறையிலிருந்து தொடங்குங்கள்

கட்டடத்தின் கடைசி மாடி. தலைக்கு மேல் கான்கிரீட் தளம், அதன்மேல் நேரடி வெயில். ஒரே ஜன்னல், திருட்டுப் பயத்தில் அதையும் இரவில் சாத்திவிடுவார்கள். கட்டிலில் எழுபதைத் தாண்டிய ஒருவர். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். கோடையில் வியர்வையில் நீர் போகும், மாத்திரையிலும் போகும். மின்கட்டணம் ஏறிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி நிறுத்திப் போடுகிறார். ஜன்னலுக்குக் கம்பி போட்டுத் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டால் வாடகையை உயர்த்துவாரோ என்ற தயக்கம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வாடகை ஒப்பந்தம் வேண்டும். இவருடைய ஒப்பந்தம் வாய்மொழியோடு சரி.

இவர் ஒருநாள் மயங்கி விழுந்தால் மருத்துவமனைக் குறிப்பில் ‘நீரிழப்பு’ என்று எழுதுவார்கள். வீட்டுவசதித் துறையின் கோப்புகளில் இவர் பெயரே இருக்காது. காலநிலை அறிக்கையில் ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியோர்’ என்ற பெருந்தொகைக்குள் ஒளிந்திருப்பார். சமூகநலத் துறையில் ‘ஆவணம் முழுமையில்லை’ என்ற குறிப்போடு அவருடைய விண்ணப்பம் தூங்கும். நான்கு துறைகளும் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கும்.

குடியிருப்போர் சங்கம், தன்னார்வ அமைப்பு, உள்ளாட்சி அலுவலகம் என்று ஏதோ ஓரிடத்தில் சமநீதிப் பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். துறைவாரியாகத் திட்டம் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே இறங்க முயன்று பல ஆண்டுகளை வீணாக்கியவன் நான். ஓர் அறைக்குள் உட்கார்ந்து, அங்கிருந்து ஒவ்வொரு துறையின் கதவையும் தேடிப் போவதுதான் எனக்குப் பலன் கொடுத்த வழி.

படி 1: சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், சீக்கிரமாக

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதைச் சமத்துவம் என்றும், தேவைக்கு ஏற்ற அளவு கொடுப்பதைச் சமநீதி என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். இதை விளக்க, உயரத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் பெட்டிகளின் மேல் ஏறி நின்று வேலிக்கு அப்பால் விளையாட்டைப் பார்க்கும் மூன்று பேர் படம் ஒன்றை எல்லாப் பயிற்சிகளிலும் காட்டுவார்கள். எனக்கு அந்தப் படம் பிடிப்பதில்லை. அதில் ஒருவர் பிறப்பிலேயே குள்ளமாக இருக்கிறார். நிஜத்தில் அவர் நிற்கும் இடத்தை யாரோ தோண்டிப் பள்ளமாக்கியிருப்பார்கள்.

அமெரிக்காவில் 1930களில் நடந்ததைப் பாருங்கள். வீட்டுக்கடன் கொடுப்பதில் எங்கே ஆபத்து அதிகம் என்று காட்ட, ஓர் அரசு நிறுவனம் நகர வரைபடங்களுக்கு நிறம் தீட்டியது. கறுப்பின மக்களும் புலம்பெயர்ந்து வந்தவர்களும் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. சிவப்புப் பகுதிக்குக் கடன் வரவில்லை. கடன் வராத இடத்தில் வீடும் தெருவும் மரமும் மேம்படவில்லை. 108 நகரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அன்று சிவப்பு பூசப்பட்ட பகுதிகளின் தரைப்பரப்பு மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம் சூடேறுவதைக் கண்டது. வரைபடம் போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் தீட்டிய நிறம் இன்றும் சுடுகிறது. இதை வீட்டுவசதி என்பீர்களா, காலநிலை என்பீர்களா, உடல்நலம் என்பீர்களா?

படி 2: ஒரு பிரச்சினை, ஓர் இடம், ஒரே வாக்கியம்

‘எங்கள் பகுதியில் சமநீதியை மேம்படுத்துதல்’ என்று நோட்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். ‘கோடையில் கடைசி மாடியில் தனியாக இருக்கும் முதியவர்கள் இரவில் தூங்க முடிவதில்லை’ என்று எழுதுங்கள். யார், எங்கே, எப்போது, என்ன ஆகிறது. இந்த நான்கும் ஒரே வாக்கியத்தில் அடங்காவிட்டால் பிரச்சினை இன்னும் உங்கள் பிடிக்கு வரவில்லை என்று பொருள்.

படி 3: அறைக்குள் போங்கள்

கணக்கெடுப்புப் படிவத்தோடு போகாதீர்கள். ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு, நிறைய நேரம் போதும். முதல் அரைமணி நேரம் எதுவும் எழுதாமல் பேசுங்கள்.

வெப்பமானியைப் பகல் வெயிலில் வைத்துப் படமெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இரவு பத்து மணிக்கும் விடிகாலை நான்கு மணிக்கும் அறைக்குள் என்ன காட்டுகிறது என்று குறிப்பதுதான் பயன்படும். கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே சுவர் குளிராது. பகல் சூட்டிலிருந்து உடல் மீள்வதற்கு இருக்கும் ஒரே நேரம் இரவு. அது பறிபோகும் வீடுகளில் வெப்ப அலையின் மூன்றாம் நாள், நான்காம் நாள் மரணங்கள் நேரலாம். பத்து வீடுகளில் ஒரு வாரம் இப்படி எழுதிவைத்தால், வானிலை நிலையத்தின் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்ப்பீர்கள். பின்னால் எந்த அதிகாரியின் மேசையிலும் அந்தத் தாள் பேசும்.

கூடவே சுவரில் கை வையுங்கள். ஈரமா? மூலையில் கரும்பூஞ்சை படர்ந்திருக்கிறதா? அலமாரிக்குப் பின்னாலும் எட்டிப் பாருங்கள். விருந்தாளி வருவார் என்று தெரிந்தால் பூஞ்சையை அலமாரி வைத்து மறைப்பவர்கள் உண்டு. வீட்டில் யாருக்காவது இருமலோ இழைப்போ இருக்கிறதா, பள்ளிக்குக் குழந்தை எத்தனை நாள் போகவில்லை என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். மருந்து எங்கே வைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், அல்லது மின்சாரம் அடிக்கடி போகும் வீட்டில், ‘மருந்து ஒழுங்காகப் போடுவதில்லை’ என்ற மருத்துவரின் கண்டிப்புக்கு வேறு அர்த்தம் இருக்கலாம்.

படி 4: சராசரியை உடையுங்கள்

மாவட்ட அளவில் ஓர் எண் கையில் கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த எண்ணைத் தெருவாரியாக, வாடகை வீடா சொந்த வீடா என்று, ஆண் பெண் என்று, மாற்றுத்திறன் உள்ளவரா இல்லையா என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் ‘அப்படிப் பிரித்த கணக்கு எங்களிடம் இல்லை’ என்ற பதில் வரும். அந்தப் பதிலையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் யாரைப் பிரித்துப் பார்க்கவில்லை என்பது, யாரைப் பற்றிக் கேள்வி எழவே இல்லை என்பதன் தடயம்.

ஓர் எச்சரிக்கை: மிகச் சிறிய பகுதிக்குப் பிரித்தால் எண்ணிக்கை ஐந்து, ஆறு என்று இறங்கிவிடும். அப்போது யாருக்கு என்ன நோய் என்று அக்கம்பக்கத்தவர் ஊகித்துவிடலாம். அத்தகைய அட்டவணையைப் பொதுவில் வைக்காதீர்கள்.

இதைச் செய்யும்போது ஒரு பழைய உண்மை மறுபடி மறுபடி எதிரே வரும். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971இல் எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது. அவர் சொன்னது மருத்துவத்தைப் பற்றி. மர நிழல், உறுதியான கூரை, விரைவாகக் கிடைக்கும் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்திப் பாருங்கள்.

படி 5: படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

புதியவர்களில் பலர் தாண்டிப் போய்விடும் படி இது. என்னைக் கேட்டால் இதில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒழுகும் வீடுகளைச் சரிசெய்ய உதவும் சிறு நிதி ஒன்றுக்கான படிவத்தைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன். ஒரே பக்கம், எளிய மொழி, பெரிய எழுத்து. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். மழையில் அதிகம் நனைந்தவர்கள் வாடகைதாரர்கள் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்மணி பொறுமையாக நிரப்பிக்கொண்டே வந்தார். பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், எங்கே ஒழுகுகிறது. ஆறாவது கேள்வியில் கை நின்றது. பேனாவின் மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, “தண்ணீர் குடிக்கிறீர்களா?” என்று கேட்டார். ஆறாவது கேள்வி: ‘வீட்டு உரிமையாளரின் கையொப்பம்’. அந்தக் கையொப்பத்தைக் கேட்டுப் போனால், வீடு ஒழுகுகிறது என்று வெளியே புகார் சொல்லப்பட்டிருப்பது உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். அடுத்த மாதம் ‘வீட்டைக் காலி செய்யுங்கள்’ என்று சொன்னால் எங்கே போவது? எங்கள் குழுவில் இருந்த ஏழு பேரும் சொந்த வீட்டில் வசித்தவர்கள். ஆறாவது கேள்வி எங்கள் யார் கண்ணிலும் உறுத்தவில்லை.

ஆகவே இதைச் செய்யுங்கள். உங்கள் பகுதியில் அமலில் இருக்கும் ஏதேனும் ஓர் உதவித் திட்டத்தை எடுத்துக்கொண்டு, தகுதியுள்ள ஒருவரோடு முதல் நாள் முதல் கடைசி நாள்வரை கூடவே போங்கள். எத்தனை ஆவணம், எத்தனை நடை, ஒவ்வொரு நடைக்கும் எத்தனை மணிநேரம், அன்று போன கூலி எவ்வளவு, போக்குவரத்துக்கு எவ்வளவு, ஒருமுறைக் கடவுச்சொல் (OTP) எந்தக் கைப்பேசிக்கு வருகிறது, அந்தக் கைப்பேசி யார் பையில் இருக்கிறது என்று எழுதுங்கள். மகனின் எண்ணைக் கொடுத்திருக்கும் தாய்க்கு, மகன் வேலைக்குப் போன பிறகு எந்த இணையச் சேவையும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சில சமயம் கிடைக்கும் உதவியின் முதல் மாதத் தொகையை அலைச்சலே தின்றிருக்கும்.

பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: ‘அவசியம்’, ‘அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது’, ‘பழக்கத்தால் கேட்கப்படுகிறது’. மூன்றாவது வகை எப்போதும் நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருக்கும். எங்கள் படிவத்தில் ஆறாவது கேள்வியை எடுத்துவிட்டு, ஒழுகும் இடத்தின் புகைப்படமும் ஒரு நேரடிப் பார்வையும் போதும் என்று மாற்றினோம். மாற்றுவதற்கு ஒரே ஒரு கூட்டம்தான் ஆனது. அந்தக் கூட்டம் வரைக்கும் இரண்டு மழை போய்விட்டது.

படி 6: தீர்வு வேறு துறையின் பணப்பெட்டியில் இருக்கலாம்

மெக்சிகோவில் 2000ஆம் ஆண்டு கோவாவிலா மாநிலத்தில், மண்தரை உள்ள ஏழை வீடுகளுக்குச் சிமெண்ட் தரை போட்டுக்கொடுக்கும் திட்டம் தொடங்கியது. மண்தரையில் புழு முட்டைகள் தங்கும். தவழும் குழந்தை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும். பொருளியலாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, மண்தரை முழுவதும் சிமெண்டாக மாறிய வீடுகளில் சிறு குழந்தைகளின் குடற்புழுத் தொற்று 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், ரத்தசோகை 81 சதவீதமும் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. இத்தனைக்கும் வந்தது சிமெண்ட் லாரி, மருத்துவக் குழு அல்ல.

நியூசிலாந்தில் இதே கதை குளிர்க்காலத்துக்கானது. மூச்சுக்கோளாறு உள்ள ஒருவராவது வசிக்கும் 1,350 பழைய வீடுகளுக்குக் கூரையிலும் தரையிலும் வெப்பத்தடுப்பு (உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் காக்கும் அடுக்கு) போட்டு ஆராய்ந்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. வீடுகள் கொஞ்சம் வெதுவெதுப்பாயின, ஈரம் குறைந்தது, இழைப்பு குறைந்தது, குழந்தைகள் பள்ளிக்கு விடுப்பு எடுப்பதும் குறைந்தது. எரிபொருள் செலவும் குறைந்ததால் காலநிலைக்கும் லாபம்.

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. செலவு வீட்டுவசதித் துறைக்கு, மிச்சம் சுகாதாரத் துறைக்கு, நல்ல பெயர் காலநிலைத் துறைக்கு. செலவழிப்பவருக்குப் பலன் தெரியாததால் யாரும் தொடங்கமாட்டார்கள். இரு துறை அதிகாரிகளை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே தாளில் செலவையும் மிச்சத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டுவதுதான் உங்கள் வேலை. நிதிநிலை அறிக்கைக்குத் துறைகள் கோரிக்கை அனுப்பும் மாதம் எது என்று முதலில் விசாரியுங்கள். அது முடிந்த பிறகு போனால் தேநீர் கிடைக்கும், நிதி கிடைக்காது.

படி 7: நல்ல திட்டத்தையும் சந்தேகியுங்கள்

பசுமை என்ற சொல் இருப்பதாலேயே ஒரு திட்டம் நியாயமானதாகிவிடாது. அமெரிக்காவில் 2006 முதல் சூரியத்தகடு, வீட்டுக்கான வெப்பத்தடுப்பு, மின்சாரக் கார் போன்றவற்றுக்குக் கொடுக்கப்பட்ட வருமானவரிச் சலுகைகளை இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வருமானத்தில் மேல்தட்டு 20 சதவீதத்தினர் ஏறக்குறைய 60 சதவீதச் சலுகையைப் பெற்றிருந்தார்கள். கீழ்த்தட்டு 60 சதவீதத்தினருக்குச் சேர்ந்தது சுமார் 10 சதவீதம். மின்சாரக் காருக்கான சலுகையில் மேல்தட்டின் பங்கு சுமார் 90 சதவீதம். இதில் மோசடி எதுவும் இல்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு வரிச்சலுகை எப்படிக் கிடைக்கும்? வாடகைக்கு இருப்பவர் யாருடைய கூரையில் தகடு பொருத்துவார்?

எந்தத் திட்டம் மேசைக்கு வந்தாலும் இவற்றைக் கேளுங்கள்: முதலில் பணம் போட வேண்டியவர் யார், பலன் எப்போது யாருக்கு, வேலை முடிந்த பிறகு அங்கே யார் குடியிருப்பார்கள். கடைசிக் கேள்வியை மறந்தால், பழைய தெருவில் பூங்கா வந்து, வாடகை ஏறி, பூங்கா யாருக்காகக் கேட்கப்பட்டதோ அவர்கள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். வீட்டைச் சரிசெய்ய உரிமையாளருக்குப் பொதுப்பணம் கொடுத்தால், இத்தனை ஆண்டுக்கு வாடகையை ஏற்றக்கூடாது, காலி செய்யச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையும் அதே ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வேலை முடிந்தபின் கேட்டால் கிடைக்காது.

ஏழைகளுக்கு மட்டும் என்று குறுக்குவதா, எல்லோருக்கும் என்று விரிப்பதா என்ற விவாதமும் வரும். உடல்நல ஏற்றத்தாழ்வு பற்றி இங்கிலாந்துக்காக மைக்கேல் மார்மட் தலைமையில் 2010இல் வெளியான அறிக்கை ஒரு நடுவழி சொன்னது: எல்லோருக்கும் கொடுங்கள், தேவை அதிகமுள்ள இடத்தில் அதற்கேற்ப அதிகமாகக் கொடுங்கள். தகுதியைச் சோதிக்கும் வேலையும் அதனால் வரும் அவமானமும் இதில் குறையும் என்பதால் என் வாக்கு இதற்குத்தான்.

படி 8: கூட்டம் போடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

வேலைநாளில் காலை பதினொரு மணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் ஓய்வுபெற்றவர்களும் சம்பளத்துக்காக வந்தவர்களும்தான் இருப்பார்கள். மாலையில் வையுங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள், படி ஏற முடியாதவருக்காகத் தரைத்தளத்தில் வையுங்கள், வந்தவரின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். நிபுணருக்குக் கொடுக்கிறோம் அல்லவா? அந்த அறையில் பத்துக் கோடை கழித்தவரும் நிபுணர்தான்.

அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அடிப்படியில், கலந்துகொண்டதாகக் காட்டி ஏய்ப்பது. உச்சியில், முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கையில். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுப்படிகள்தான். உங்கள் கூட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். ‘முடிவு எடுத்தாகிவிட்டது, விளக்கம் சொல்லவே அழைக்கிறோம்’ என்றால் அப்படியே சொல்லுங்கள். மக்கள் கோபப்படுவார்கள், ஆனால் அடுத்த முறையும் வருவார்கள்.

படி 9: வராதவரைத் தேடிப் போகும் ஏற்பாடு

1995 ஜூலையில் சிகாகோவில் வீசிய வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் அதிகம் இறந்தார்கள் என்று ஆராய்ந்தபோது தெரிந்தவை: படுத்த படுக்கையாக இருந்தவர்கள், தனியாக வசித்தவர்கள், தினமும் வெளியே போகாதவர்கள், கடைசி மாடியில் இருந்தவர்கள். 1999இல் மீண்டும் கடும் வெப்பம் வந்தபோது நகர நிர்வாகம் தனியாக வாழும் முதியவர்களின் கதவுகளைத் தட்ட ஆட்களை அனுப்பியது. அந்த முறை இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம். வானிலை இரண்டு முறையும் ஒன்றல்ல என்பதால் வித்தியாசம் முழுவதையும் கதவு தட்டியதற்கே எழுதிவிட முடியாது. ஆனாலும் கதவைத் தட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு ஜோடி கால்கள்.

பிரான்சில் 2003 ஆகஸ்டில் ஏறக்குறைய 15,000 பேர் வெப்பத்தால் இறந்த பிறகு, ஒவ்வொரு உள்ளாட்சியும் தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பற்றிய பதிவேடு வைத்திருக்க ஏற்பாடு வந்தது. பெயரைச் சேர்ப்பது விருப்பத்தைப் பொறுத்தது. ஓட்டை அங்கேதான்: தானாகவே பெயர் கொடுக்கும் அளவுக்கு வெளியுலகத் தொடர்புள்ளவர், அவ்வளவு தனிமையில் இருப்பவரல்ல. உங்கள் பதிவேட்டுக்கு மருந்துக்கடைக்காரரையும் தபால்காரரையும் கட்டடக் காவலாளியையும் கேளுங்கள். மூன்று நாளாக யாரைப் பார்க்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு நேரில் போய், பெயரைச் சேர்க்கச் சம்மதம் கேட்ட பிறகே எழுதுங்கள். நோட்டு கண்டவர் கைக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அழைக்க வேண்டியவர் ஒருவர், அவர் எடுக்காவிட்டால் கதவைத் தட்ட வேண்டியவர் ஒருவர், சாவியின் மறுபிரதி யாரிடம் என்பது இருக்கட்டும். வெயில் ஏறும் முன் ஒருநாள் மாலை ஒத்திகை பாருங்கள். நாங்கள் முதல் ஒத்திகை பார்த்தபோது பதினான்கு பேரில் நான்கு பேரின் எண் மாறியிருந்தது. ஒருவருக்குக் காது கேட்கவில்லை, மணி அடித்ததே தெரியாது. அவருக்காக அழைப்புமணியோடு ஒரு விளக்கை இணைத்துக் கொடுத்தோம்.